மலிவும் பொருத்தமும்: ஒற்றைக் கியர் மிதிவண்டி அமைப்பார்க்கு ஒரு சொல்

மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தல் நம் நாட்டில் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கத்தின் நன்மை தீமைகளை ஆராய்தல் ஈண்டு நம் நோக்கமன்று. ஆயினும், இணைந்தே செல்ல வேண்டிய இருவரைச் சேர்க்குமுன் அவர்தம் இணக்கத்தை நோக்க வேண்டுமென்னும் எண்ணம் அதனுள் அடங்கியிருத்தலை எவரும் மறுக்கார். வியப்பு யாதெனின், அத்துணை நுணுக்கமாகப் பொருத்தம் நோக்கும் குடும்பங்களிற் பிறந்த இளைஞரே, மிதிவண்டிக்கு உறுப்பு வாங்கப் புகுந்தால் ஒரு பொருத்தமும் நோக்காது, பளபளப்பையும் பெயரையும் விலையையும் மட்டும் நோக்கி வாங்கி வருகின்றனர். வீட்டிற்கு வந்தபின் பல்லோடு சங்கிலி பிணங்குகின்றது. மரையோடு மரை பிணங்குகின்றது. பிறகு வாங்கியவரும் கடைக்காரரும் பிணங்குகின்றனர்.

பழைய கியர்ச் சைக்கிளொன்றை எடுத்து, அதன் பல கியர்களையும் களைந்து, முன்னே ஒரு பற்சக்கரமும் பின்னே ஒரு பற்சக்கரமும் மட்டும் கொண்ட ஒற்றைக் கியர் வண்டியாக அமைத்துக்கொள்ளும் விருப்பம் நம் மாணவரிடையே பரவி வருகின்றது. இவ்விருப்பத்தை நாம் மனமார வரவேற்கின்றோம். வீட்டுத் திண்ணையில் துருவேறிக் கிடந்த பொருள் மீண்டும் பயன்படுகின்றது. கெடக்கூடிய உறுப்புகள் குறைகின்றன. வண்டியின் எடை சிறிது குறைகின்றது. யாவற்றினும் மேலாக, தன் கையால் ஒரு பொறியை அமைத்து, அதன்மேல் ஏறிச் செல்லும் மகிழ்ச்சி ஓர் இளைஞனுக்குக் கிடைக்கின்றது. ஏட்டுக் கல்வியால் மட்டும் அம்மகிழ்ச்சி கிட்டுவதில்லை.

ஆனால், கல்லூரி மாணவர் பெரும்பாலோர் கையிற் பணம் மிகுந்தவரல்லர். விடுதிக் கட்டணத்திலும் சிற்றுண்டியிலும் மிச்சம்பிடித்த தொகையைக் கொண்டே அவர்கள் இம்முயற்சியில் இறங்குகின்றனர். அத்தொகையிற் பாதி, பொருந்தாத உறுப்புகளை வாங்கி மூலையிற் போடுவதிலேயே கழிந்துவிடுமாயின், மலிவென்று தொடங்கிய வேலை புதுச்சைக்கிளின் விலையையும் விழுங்கிவிடும். இழப்புப் பணத்தோடு நிற்பதுமில்லை. நெரிசலான சாலையில் எழுந்து நின்று மிதிக்கும்போது சங்கிலி பல்லைவிட்டு நழுவுமாயின், ஏறிச் செல்பவன் கைப்பிடிக்கு மேலாக முன்னே விழுவான். பின்னே வரும் பேருந்து அவனுக்காகக் காத்திராது. ஆதலின் இதனை விளையாட்டுப் பொருளென்று எண்ணிப் புறக்கணித்தல் தகாது.

இதுபற்றி நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. மாற்ற இயலாத உறுப்பில் தொடங்கி, மாற்ற எளிதான உறுப்பில் முடித்தல் வேண்டும். இளைஞர் பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். கைப்பேசியில் விலைப்பட்டியலைப் புரட்டி, முதலில் ஒரு வண்ணச் சங்கிலியையோ, அழகிய கிராங்க் ஒன்றையோ வாங்கிவிடுகின்றனர். பின்பு அதற்கேற்பச் சட்டத்தையும் சக்கரத்தையும் வளைக்க முயல்கின்றனர். சட்டையின் பொத்தானை முதலில் வாங்கி, அதற்கேற்ப உடம்பைத் தேடுவதை இஃது ஒக்கும். சட்டமே உடம்பு, அதனை முதலில் அளந்தறிதலே முறை.

சட்டத்தில் முதற்கண் நோக்க வேண்டுவது, பின்சக்கரத்தின் அச்சு அமரும் பிளவு. அப்பிளவு கிடையாக நீண்டிருப்பதும் உண்டு. நேர்குத்தாகக் கீழ்நோக்கித் திறந்திருப்பதும் உண்டு. கியர் வண்டியிற் சங்கிலியின் தளர்ச்சியை வில்லுடைய கியர் மாற்றி இழுத்துக்கொள்ளும். அதனைக் களைந்தபின், பின்சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தே சங்கிலியை இறுக்க வேண்டும். கிடைப்பிளவில் இஃது எளிது; நேர்குத்துப் பிளவில் இஃது இயலாது.

எவ்வளவு இடம் வேண்டுமென்பதைக் கணக்கிட்டே அறியலாம். சைக்கிட் சங்கிலியில் ஒரு முளைக்கும் அடுத்த முளைக்கும் இடையேயுள்ள தூரம் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். உள்தகட்டுக் கண்ணியும் வெளித்தகட்டுக் கண்ணியும் மாறிமாறி வருதலின், சங்கிலியைக் குறைக்கும்போது இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஓரங்குலமாகவே குறைத்தல் வேண்டும். சங்கிலி மேலும் கீழுமாக இருமடி ஓடுகின்றது. ஆகவே ஓரங்குலம் குறைந்தால் அச்சு அரை அங்குலம் முன்னே வரும். பிளவில் அரை அங்குல இடம் இருக்குமாயின், எத்தனைப் பல்லுள்ள சக்கரங்களையும் அதில் அமைத்துக்கொள்ளலாம். இடம் குறைவாயின், ஒருபுறம் அகன்றும் மறுபுறம் ஒடுங்கியும் உள்ள அரைக்கண்ணி ஒன்றைச் சேர்த்து, அச்சு நகரவேண்டிய தூரத்தைக் கால் அங்குலமாகக் குறைக்கலாம். நேர்குத்துப் பிளவுள்ள சட்டமே கையில் இருப்பின், வில்லுடைய இறுக்கி ஒன்று தனியே வாங்க வேண்டும். அது பயன்படாத பொருளன்று. ஆயினும் அதன் விலையையும் சேர்த்தே சட்டத்தின் விலையைக் கணக்கிடுதல் வேண்டும். இனாமாகக் கிடைத்த சட்டமும் இவ்வாற்றால் இனாமாக இல்லாது போதல் உண்டு.

அடுத்து நோக்க வேண்டுவது, பின்முனைகள் இரண்டுக்கும் இடையேயுள்ள அகலம். தடகளப் பந்தயச் சட்டங்களில் அது 120 மில்லிமீட்டர். ஆறேழு கியருடைய பழைய சாலைச் சைக்கிள்களில் 126. பிற்காலத்துச் சாலைச் சைக்கிள்களில் 130. மலைச் சைக்கிள் வகையில் 135. சக்கரக் குடத்தின் அகலமும் இதுவேயாதல் வேண்டும். எஃகுச் சட்டமாயின் கைதேர்ந்த தொழிலாளி சில மில்லிமீட்டர் விரிக்கவோ ஒடுக்கவோ இயலும். அலுமினியச் சட்டத்தை அவ்வாறு வளைத்தல் ஆகாது. அது பிறகொரு நாள் விரிசல் கண்டு பழிவாங்கும்.

மூன்றாவதாக, குடத்தின் மரை. இங்கேதான் உயிருக்கு ஊறு நேரக்கூடிய தவறு ஒன்று பதுங்கியிருக்கின்றது. பின்குடங்கள் மூவகைப்படும். மிதியாதபோதும் சக்கரம் உருளவிடும் பிரீவீலைத் திருகி ஏற்றும் குடம் ஒருவகை. பற்சக்கரங்களை வரிசையாகச் செருகும் உருளையைத் தன்னகத்தே கொண்ட காசெட் குடம் மற்றொரு வகை. சக்கரம் உருளும்வரை மிதியும் சுழன்றுகொண்டேயிருக்கும் நிலைப்பல் குடம் மூன்றாம் வகை.

பிரீவீல் மரையின் பொதுவளவு 1.37 அங்குல விட்டமும் ஓரங்குலத்திற்கு 24 சுற்றும் ஆகும். 16 பல்லும் அதற்கு மேலும் உள்ள பிரீவீல்கள் பெரும்பாலும் இம்மரைக்கே செய்யப்படுகின்றன. 14 பல்லும் அதனிற் குறைந்தனவும் 30 மில்லிமீட்டர்ச் சிறுமரையுடைய குடத்திற்கு உரியன. சிறு பையன்கள் குதித்தாடும் சைக்கிள்களில் அவற்றைக் காணலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றில் மற்றொன்று ஏறாது.

நிலைப்பல் குடத்தில் இரண்டு படியாக மரை வெட்டப்பட்டிருக்கும். உட்படியில் வலமரை, அதில் பற்சக்கரம் ஏறும். வெளிப்படியில் அதனிற் சிறிய இடமரை. அதில் பூட்டு வளையம் ஏறும். மிதியைப் பின்னோக்கி அழுத்தி வேகத்தைக் குறைக்கும்போது பற்சக்கரம் கழல முயலும். அது கழலாதவாறு எதிர்த்திசையில் இறுகி நிற்பது அப்பூட்டு வளையமே. பிரீவீல் குடத்திலோ இவ்விரண்டாம் படி இல்லை. ஆயினும் முதற்படியின் மரை இரண்டிலும் ஒத்திருத்தலால், நிலைப்பல் சக்கரத்தைப் பிரீவீல் குடத்தின்மேல் திருகி, 'நன்றாகப் பொருந்திவிட்டது' என்று களிப்போர் உளர். அது பொருத்தமன்று, பொறியமைத்து வைத்த பள்ளம். இறக்கத்தில் பின்னோக்கி அழுத்தும் நொடியிற் பற்சக்கரம் கழன்று சுழலும். வண்டியை நிறுத்த நம்பியிருந்த ஒரே வழியும் அடைபடும். எவ்வகைக் குடமாயினும் முன்பிரேக் இன்றி ஒரு வண்டியும் சாலைக்கு வருதல் கூடாது. பிரீவீல் வண்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு பிரேக்கும் வேண்டும். பிரேக்கைக் களைவதை அழகென்று கருதும் நாகரிகத்தை நாம் நாகரிகமென்று ஒப்புக்கொள்ளோம்.

குறைந்த செலவில் பழைய கியர்ச் சக்கரத்தையே பயன்படுத்த விரும்புவோர்க்குக் காசெட் குடமே மிக நன்று. பல பற்சக்கரங்களையும் உருவிவிட்டு, ஒரே பற்சக்கரத்தையும், அதன் இருமருங்கும் சில இடைவளையங்களையும் செருகிவிட்டால் வேலை முடிந்தது. வளையங்களை இடம் மாற்றிப் பற்சக்கரத்தை உள்ளும் புறமும் நகர்த்தலாம் என்பதும் இதனாற் பெறும் ஊதியம். அதன் அருமை பின்னர் விளங்கும்.

நான்காவதாகச் சங்கிலியைப் பற்றிச் சொல்லுவோம். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மாஞ்செஸ்டரில் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனால்ட் என்பவர் 1880-ஆம் ஆண்டில் உருளைச் சங்கிலியை அமைத்தார். ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-ஆம் ஆண்டில் வெளியிட்ட ரோவர் சைக்கிள், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் இன்றைய வடிவத்திற்கு வழிகாட்டியது. அன்று தொடங்கிய அவ்வுறவே இன்றும் நம் கால்களை இயக்குகின்றது. முளையிடைத் தூரம் இன்று எங்கும் அரை அங்குலமேயாதலின், எல்லாச் சங்கிலியும் ஒன்றென்று பலர் மயங்குகின்றனர். வேற்றுமை அகலத்தில் உள்ளது. அரைக்கால் அங்குலம், அதாவது 1/8 அங்குல உள்ளகலமுள்ளது ஒற்றைப்பல் வண்டிக்குரிய தடித்த சங்கிலி. கியர் வண்டிக்குரியது 3/32 அங்குலம், அல்லது அதனினும் சிறிது ஒடுங்கியது. பற்சக்கரங்களும் இவ்விரு தடிப்பில் வருகின்றன.

இவற்றின் இணக்கத்தை எளிதில் நினைவிற் கொள்ளலாம். அகன்ற சங்கிலி ஒடுங்கிய பல்லின்மேலும் ஓடும்; சிறிது ஓசை மட்டும் மிகும். ஒடுங்கிய சங்கிலி அகன்ற பல்லின்மேல் அமராது. ஆகவே முன்னே பழைய கியர் வண்டியின் ஒடுங்கிய பற்சக்கரமும், பின்னே அரைக்கால் அங்குலப் பிரீவீலும் இருப்பின், அரைக்கால் அங்குலச் சங்கிலியே கொள்ளத்தக்கது. கையில் நல்ல ஒடுங்கிய சங்கிலி இருப்பின், முன்னும் பின்னும் ஒடுங்கிய பற்சக்கரங்களையே கொள்ளுதல் வேண்டும். இதனை மறந்து வாங்கியவரே கடைக்கு இரண்டாம் முறை நடப்பவருள் பெரும்பாலோர் எனலாம்.

பழைய சங்கிலியைக் கொள்ளலாமா என்பதையும் அளவுகோல் கொண்டே துணியலாம். புதுச்சங்கிலியில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். ஒரு முளையின் நடுவில் அளவுகோலின் தொடக்கத்தை வைத்துப் பார்க்கும்போது, இருபத்துநான்காம் முளை வீச அங்குலம், அதாவது 1/16 அங்குலம் தள்ளி நிற்குமாயின், சங்கிலியை மாற்றிவிடுதல் நன்று. அரைக்கால் அங்குலம் தள்ளி நிற்குமாயின், பற்களும் தேய்ந்திருக்கும்; அப்பற்களின்மேல் புதுச்சங்கிலியை இட்டால் வலிந்து மிதிக்கும்போது அது துள்ளும். 'பல் போனால் சொல் போச்சு' என்பது மனிதர்க்கு மட்டுமன்று.

ஐந்தாவது, கிராங்கும் அதனைத் தாங்கும் அடியச்சும். கடைகளில் இதனைப் பி.பி. என்பர். சட்டத்தின் அடிக்குழலில் ஆங்கில மரை இருப்பின் அதன் அகலம் பெரும்பாலும் 68 மில்லிமீட்டர். வலப்பக்கம் இடமரையாக இருக்கும். இத்தாலிய மரையாயின் அகலம் 70 மில்லிமீட்டர்; இருபுறமும் வலமரை. இதனை அறியாது வலப்பக்கக் கிண்ணத்தைத் தவறான திசையில் முழுவலிமையோடு திருகுவோர் மரையை அழித்துச் சட்டத்தையே இழப்பர்.

அச்சின் நுனி சதுரமாகச் சரிந்திருக்கும் வகையிலும் ஜே.ஐ.எஸ்., ஐ.எஸ்.ஓ. என இரு மரபுகள் உள. சரிவின் கோணம் ஒன்றே. நுனியின் பருமன் வேறு. ஐ.எஸ்.ஓ. கிராங்கைப் பருத்த ஜே.ஐ.எஸ். அச்சில் ஏற்றினால் அது முழுதும் உட்செல்லாது சில மில்லிமீட்டர் வெளியே நிற்கும். ஜே.ஐ.எஸ். கிராங்கை மெலிந்த ஐ.எஸ்.ஓ. அச்சில் ஏற்றினால் அளவிற்கு மிஞ்சி உட்சென்று, இறுகாமல் ஆடும். கிராங்கோடு வந்த அச்சையே வைத்துக்கொள்ளுதல் இத்தொல்லைக்கெல்லாம் மருந்து. பழைய கிராங்க் நன்றாயிருப்பின் புதியது வாங்க வேண்டுவதேயில்லை. அதிலுள்ள இரண்டு அல்லது மூன்று பற்சக்கரங்களுள் ஒன்றை மட்டும் நிறுத்தி, மற்றவற்றை அகற்றி, நீண்ட போல்ட்டுகளுக்குப் பதிலாகக் குட்டைப் போல்ட்டுகளை இட்டால் போதும். முன்பற்சக்கரத்தைத் தனியே வாங்குவோர், போல்ட்டுத் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டத்தையும் துளைகளின் எண்ணிக்கையையும் அறிந்தே செல்க. 130, 110, 144 மில்லிமீட்டர் எனப் பல அளவுகள் உள. ஓர் அளவின் சக்கரம் மற்றோர் அளவின் கிராங்கிற் பொருந்தாது.

ஆறாவது, சங்கிலியின் நேர்கோடு. மேற்கூறிய யாவும் பொருந்தியும், முன்பல்லும் பின்பல்லும் ஒரே நேர்கோட்டில் நில்லாவிடின், சங்கிலி கோணி ஓடி, பல்லை அறுத்து, இறுதியிற் கழன்றுவிடும். கியர் வண்டி இக்கோணலைப் பொறுத்துக்கொள்ளும். ஏனெனின் அதன் நெகிழ்ந்த மெல்லிய சங்கிலி அதற்கென்றே அமைந்தது. ஒற்றைக் கியர் வண்டியில் ஒரு மில்லிமீட்டருக்குள் வேறுபாடு இருப்பின் மிக நன்று. மூன்று மில்லிமீட்டரைக் கடந்தால் நன்றன்று.

இதனை அளத்தல் எளிது. 68 மில்லிமீட்டர் அடிக்குழலாயின், சட்டத்தின் நடுக்கோட்டிலிருந்து குழலின் வலவிளிம்பு 34 மில்லிமீட்டர் தூரத்தில் உள்ளது. அவ்விளிம்பிலிருந்து முன்பல்லின் நடு எட்டு மில்லிமீட்டராயின், முன்கோடு 42. பின்னே, குடத்தின் அகலம் 120 ஆயின் பாதி 60. குடத்தின் வலமுனையிலிருந்து பின்பல்லின் நடு 18 மில்லிமீட்டர் உள்ளே இருப்பின், 60-இல் 18 போக 42. இரண்டும் ஒத்தன, இனி ஐயமில்லை. ஒவ்வாவிடின், காசெட் குடத்தில் இடைவளையங்களை மாற்றலாம். அல்லது கிராங்கின் பற்சக்கரத்தை உட்புறமோ வெளிப்புறமோ மாற்றிப் பூட்டலாம். அல்லது நீளம் வேறான அச்சை இடலாம். 113 மில்லிமீட்டர் அச்சிற்குப் பதிலாக 107 இட்டால், இருபுறமும் ஒத்து நீண்ட அச்சாயின், பல் மூன்று மில்லிமீட்டர் உள்ளே வரும். இவ்வளவும் நம் கல்லூரிப் பௌதிகச் சாலையில் வெர்னியர் காலிபரைக் கையாளும் முதலாண்டு மாணவனுக்கு அரைமணி வேலை. அங்கே பித்தளை உருளையை ஐந்து முறை அளந்து சராசரி காணும் மாணவன், தன் உயிரைத் தாங்கும் வண்டியை ஒரு முறையேனும் அளவாது விடுதல் என்ன நியாயம்?

பல்லின் எண்ணிக்கையைப் பற்றிய ஆராய்ச்சியை இறுதிக்கு வைத்தோம். இளைஞரோ அதையே முதலில் வாதிக்கின்றனர். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்துச் சக்கரத்தின் விட்டத்தால் பெருக்கினால் வரும் எண்ணைக் கியர் அங்குலம் என்பர். மிதி நேரே முன்சக்கரத்தைச் சுழற்றிய பழைய உயர்சக்கரச் சைக்கிளிற் சக்கரத்தின் விட்டமே கியராக இருந்தது, அந்நினைவே இவ்வழக்கு. 28 அங்குலச் சக்கரமுள்ள வண்டியில் முன்னே 44, பின்னே 18 பல் இருப்பின், கியர் ஏறக்குறைய 68 அங்குலம். சக்கர விட்டம் 27 அங்குலமாக, முன்னே 42, பின்னே 16 ஆயின் 71. பின்னே 18 ஆயின் 63. நிமிடத்திற்கு 60 முறை மிதித்தால், முன்னது மணிக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டரும், பின்னது 18 கிலோமீட்டரும் செல்லும். இவ்வேறுபாடு சமநிலத்திற் சிறிது. மேம்பாலத்தின் ஏற்றத்திலும் எதிர்காற்றிலும் முழங்கால் அதனை நன்கறியும். நாள்தோறும் புத்தகப்பையோடு செல்லும் மாணவனுக்கு 63 முதல் 70 வரை போதும் என்பது நம் கருத்து. தவறினும் கவலையில்லை, பின்பல்லை மாற்றும் செலவு சிறிது. பின்பல்லில் ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அச்சு மூன்று மில்லிமீட்டர் அளவே நகர வேண்டும். எளிதில் மாற்றத்தக்கதை இறுதியில் துணிக என்றதன் காரணம் இதுவே.

ஒரே கியர் கொண்டு மலையேற முடியுமா என்று ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்லுவோம். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் பெரும் பந்தயத்தில் கியர் மாற்றிகள் 1937-ஆம் ஆண்டில்தான் பொதுவாக அனுமதிக்கப்பட்டன. அதற்குமுன் வீரர் பின்சக்கரத்தின் இருபுறமும் வேறுவேறு பல்லை அமைத்து, மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் பூட்டிக்கொண்டு ஏறினர். நம் மாணவர் ஆல்ப்ஸ் மலையைக் கடக்க வேண்டுவதில்லை. கல்லூரிக்கு முதல் மணி அடிக்குமுன் வந்து சேர்ந்தாற் போதும்.

இங்ஙனம் கூறுவதற்கு மறுப்புகளும் உள. 'இத்துணை அளவும் கணக்கும் எதற்கு? சாதாரணக் கருஞ்சைக்கிள் ஒன்றை வாங்கிவிடலாமே' என்பார் சிலர். அவர் கூற்றை நாம் இகழோம். போக்குவரத்து ஒன்றே வேண்டுவோர்க்கு, உறுப்புகள் யாவும் ஒன்றற்கொன்று பொருந்துமாறு தொழிற்சாலையிலேயே அமைந்து வரும் அவ்வண்டியே நன்று. அதுவும் ஒற்றைக் கியர் வண்டிதானே. சட்டம் வளைந்தோ, அச்சுப் பிளவு பொருந்தாமலோ கிடக்கும் பழம்பொருளை வைத்துக்கொண்டு போராடுவோர்க்கும் நாம் அதனையே கூறுவோம். ஆனால் நல்ல எஃகுச் சட்டமும் நல்ல சக்கரமும் வீட்டிற் கிடக்க, அவற்றை இரும்புக் கடைக்குப் போட்டுவிட்டுப் புதியது வாங்குதல் சிக்கனமாகாது.

'உயர்ந்த பெயருள்ள உறுப்புகளை வாங்கிவிட்டால் பொருத்தம் தானே வரும்' என்பார் வேறு சிலர். இஃது உண்மையன்று. பெயர் பெற்ற கம்பெனி ஒன்றே பலவகை அச்சும் பலவகைப் பல்லும் செய்து விற்கின்றது. நூறு ரூபாய்ப் பொருளும் ஆயிரம் ரூபாய்ப் பொருளும் மரை வேறாயின் ஒன்றுபோலவே பயனற்றன. விலை உயர்ந்தால் உழைப்பும் உறுதியும் உயரலாம், இணக்கம் உயராது. இணக்கம் அளவினால் மட்டுமே வரும். அளவுகோலுக்கோ ஏழை செல்வன் என்னும் வேற்றுமை இல்லை.

இறுதியாகக் கல்லூரியை நோக்கி ஒரு வேண்டுகோள். கிராங்க் இழுப்பி, பிரீவீல் கழற்றி, சங்கிலி முளை தள்ளி, பூட்டு வளையத் திருகி, வெர்னியர் காலிபர் ஆகிய ஐந்தும் ஒரு மாணவன் தனியே வாங்கினாற் சுமை. ஐம்பது மாணவர்க்குப் பொதுவாக ஒரு பெட்டியில் இருந்தால் ஒருவர்க்கும் சுமையன்று. சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் ஓரத்தில் அத்தகைய பெட்டியொன்றும், மாணவர் தாம் அளந்த அளவுகளை எழுதிவைக்கும் ஒரு குறிப்பேடும் வைத்தல் அரிதன்று. இந்தச் சட்டத்திற்கு இன்ன அகலம், இந்தக் குடத்திற்கு இன்ன மரை, இந்தக் கிராங்கிற்கு இன்ன அச்சு என்று ஓராண்டு மாணவர் எழுதிவைப்பது அடுத்த ஆண்டு மாணவர் பணத்தைக் காக்கும். தொழிற்சாலைகளிலும் பணிமனைகளிலும் உயர்நிலையில் உள்ள நம் பழைய மாணவர்கள் இப்பெட்டியை நிரப்ப முன்வருவார்களாயின், அவர் அளிக்கும் பொருளைவிட அவர் அறிவே மாணவர்க்குப் பெரிதும் பயன்படும்.

மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது திண்ணையில் கிடக்கும் அப்பழைய வண்டியைத் தூசி தட்டிப் பாருங்கள். பணப்பையைத் திறக்குமுன் அளவுகோலை எடுங்கள். பின்பிளவு, பின்னகலம், குடத்தின் மரை, சங்கிலியின் அகலம், அச்சின் நுனி, நேர்கோடு ஆகிய ஆறையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அத்தாளோடு கடைக்குச் செல்லுங்கள். கடைக்காரர் 'எல்லாம் பொருந்தும், தம்பி' என்று சொன்னால், புன்னகையோடு தாளை நீட்டிக் காட்டுங்கள்.